உமி, வைக்கோல் எரிபொருள்: சாம்பல் உப்புகள் செய்யும் வேலை



தஞ்சைத் தரணியில் நெல் அறுவடை முடிந்தால் நமக்கு மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. அரிசி, உமி, வைக்கோல். அரிசியின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டும் எரிபொருள்களாகவும் பயன்படுகின்றன. நெல் அவிக்கும் ஆலைகளில் கொதிகலனுக்கு உமியே விறகு. செங்கல் சூளையிலும் உமி எரிகிறது. அறுவடை எந்திரத்தின் பின்னால் கட்டு கட்டும் எந்திரமும் வந்துவிட்டபடியால், இப்போது வைக்கோலும் எரிபொருளாக விலை பேசப்படுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். உமியும் வைக்கோலும் ஒரே பயிரில் விளைந்தவை. ஆனால் உமி போட்டு ஓட்டும் உலையில் சாம்பல் பொடியாக, உதிரியாக விழுகிறது. அதே உலையில் முழுவதும் வைக்கோலைப் போட்டால், சில நாட்களில் சாம்பல் உருகிக் கட்டிபட்டு, இரும்பு ஆலையின் கிட்டம் போலச் சட்டங்களில் ஒட்டிக்கொள்கிறது. கொதிகலன் குழாய்களின் மேல் கெட்டியான படிவு ஏறுகிறது. கடப்பாரை கொண்டு உடைத்தால்தான் வரும். உலை நின்றால் அவியல் நிற்கும். ஊறிய நெல் தொட்டியிலேயே புளித்து வாடை அடிக்கும். நட்டம் ஆலைக்காரருக்கு மட்டுமன்று. அன்றைக்கு நெல் கொண்டுவந்த உழவருக்கும்தான்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எரிபொருளுக்குள் இருக்கும் தாதுஉப்புகள். அவற்றில் முதன்மையானது பொட்டாசியம் என்னும் சாம்பல்சத்து. இந்த உப்புகள் எரிபொருள் சிதையும் முறையையும், எரியும் வேகத்தையும், மிஞ்சும் சாம்பலின் தன்மையையும் எப்படி மாற்றுகின்றன, அதைத் தெரிந்துகொண்டு நாம் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எரிதலுக்கு முன் சிதைதல்

விறகு எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் விறகோ உமியோ நேராக எரிவதில்லை. முதலில் சூட்டினால் சிதைகிறது. சிதைந்து வெளிவரும் ஆவிதான் தீ நாக்காக எரிகிறது. ஆவி போனபின் மிஞ்சும் கரி கங்காக எரிகிறது. கரியும் தீர்ந்தபின் மிஞ்சுவது சாம்பல்.

இதைப் படிப்படியாகப் பார்ப்போம். முதலில் 100 டிகிரி செல்சியஸ் அளவில் ஈரம் வெளியேறும். ஈர உமி போட்டால் அடுப்பு புகைவது இதனால்தான். சூட்டின் ஒரு பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். அடுத்து, ஏறக்குறைய 220 முதல் 315 டிகிரிக்குள் ஹெமிசெல்லுலோஸ் என்னும் பகுதி சிதையும். 315 முதல் 400 டிகிரிக்குள் செல்லுலோஸ் என்னும் நார்ப்பகுதி சிதையும். லிக்னின் என்னும் மரப்பகுதி 200 டிகிரிக்குக் கீழேயே தொடங்கி, 800 டிகிரியைத் தாண்டியும் மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும். கரியின் பெரும்பங்கை லிக்னின்தான் தருகிறது.

காய்ந்த உமியில் 100 கிலோவுக்கு ஏறக்குறைய 60 முதல் 65 கிலோ ஆவியாகப் பிரிந்துவிடும். 15 முதல் 20 கிலோ கரியாக நிற்கும். மீதி சாம்பல். ஒரு கிலோ உமியில் சுமார் 3,000 முதல் 3,500 கிலோகலோரி வெப்பம் அடங்கியுள்ளது. இந்த வெப்பத்தை முழுமையாகப் பெறுவதும் பாதியைப் புகையாகவும் கருஞ்சாம்பலாகவும் இழப்பதும் நாம் எரிக்கும் முறையைப் பொறுத்தது.

உமியில் என்ன, வைக்கோலில் என்ன?

நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்கா என்னும் மணற்சத்தை மிகுதியாக உறிஞ்சும் பயிர். இலையின் ஓரம் கையை அறுப்பதும், உமி கையில் சுணைப்பதும் இந்தச் சிலிக்காவினால்தான். உமியில் சாம்பல் 100-க்கு 15 முதல் 20 பங்கு. அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதம் சிலிக்காவே. சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மற்றவையும் சில சதம்தான்.

வைக்கோலிலும் சாம்பலின் அளவு உமியைப் போலத்தான். ஆனால் அதன் சேர்மானம் வேறு. பயிர் எடுத்துக்கொள்ளும் சாம்பல்சத்தில் 80 முதல் 85 சதம் வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. கதிருக்குச் செல்வது சிறுபங்கே. ஒரு டன் காய்ந்த வைக்கோலில் சுமார் 15 கிலோ பொட்டாசியம் இருக்கும். அத்துடன் குளோரினும் இருக்கும். நாம் இடும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடுதானே! ஆகவே பயிர் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

பொட்டாசியத்துக்குச் சாம்பல்சத்து என்று வழங்கிவரும் பெயரே போதும், இதன் இருப்பிடத்தைக் காட்டுவதற்கு. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். விறகுச் சாம்பல், வைக்கோல் சாம்பல், உமிச் சாம்பல் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் சம அளவு எடுத்து, சம அளவு மழைநீர் விட்டுக் கலக்கித் தெளியவையுங்கள். ஒவ்வொரு தெளிவிலும் சிறிது மஞ்சள்தூளைச் சேருங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவப்பது போல, காரம் உள்ள நீரில் மஞ்சள் சிவக்கும். விறகுச் சாம்பலின் தெளிவு நன்றாகச் சிவக்கும். உமிச் சாம்பலின் தெளிவில் நிறமாற்றம் குறைவாக இருக்கும். இந்தக் காரத்தைத் தருவதில் முதற்பங்கு பொட்டாசியம் உப்புக்கே. பாத்திரத்தின் எண்ணெய்ப்பிசுக்கைச் சாம்பல் போக்குவதும் இதே காரத்தினால்தான்.

சாம்பல்சத்து சிதைவை எப்படி மாற்றுகிறது?

செல்லுலோஸ் உப்பு எதுவும் கலவாமல் தூயதாக இருந்தால், சூடேறும்போது அதன் பெரும்பகுதி கெட்டியான தார் ஆவியாகப் பிரியும். கரி மிகக் குறைவாகவே மிஞ்சும். அதே செல்லுலோஸில் சிறிதளவு பொட்டாசியம் உப்பு கலந்திருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. சிதைவு பல டிகிரி குறைந்த சூட்டிலேயே தொடங்கிவிடும். தார் குறையும். அதற்குப் பதில் நீராவி, கரியமிலவாயு போன்ற சிறு ஆவிகளும் கரியும் கூடும். அப்படி உண்டான கரியும் எளிதில் கங்கு பிடிக்கும்.

இதில் பொட்டாசியம் செலவாகிவிடுவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பாலைத் தயிராக்கும் உறைமோர் போல, சிறிதளவே இருந்துகொண்டு பெரிய மாற்றத்தைத் தூண்டிவிடுகிறது. இத்தகைய பொருளை வினையூக்கி என்பர். சோடியம் உப்பும் இவ்வாறே செய்யும். சுண்ணாம்பும் மக்னீசியமும் ஓரளவு செய்யும், ஆனால் அவற்றின் வலிமை குறைவு. சிலிக்கா இதில் ஏறக்குறைய சும்மாவே இருக்கும். அதன் வேலை பின்னால் வருகிறது.

மணிச்சத்து உப்புகள் செய்யும் வேலை வேறு வகை. ஒரு பஞ்சுத்திரியை டை அம்மோனியம் பாஸ்பேட் உரம் கரைத்த நீரில் நனைத்து, நன்றாகக் காயவைத்துப் பற்றவையுங்கள். இதைத் திறந்தவெளியில், சிறிய திரியாக வைத்துச் செய்யவேண்டும். சாதாரணத் திரி தீப்பிடித்துக் கொழுந்துவிடும். உரநீரில் நனைந்த திரியோ கொழுந்துவிடாமல் கருகிக் கரியாகும். பாஸ்பேட்டிலிருந்து சூட்டில் பிரியும் அமிலம் செல்லுலோஸிலுள்ள நீரைப் பறித்துவிடுகிறது. எரியக்கூடிய ஆவி உண்டாவதற்கு முன்பே அது கரியாகிவிடுகிறது. காட்டுத்தீயைத் தடுக்கத் தூவும் கரைசல்களிலும், தீயணைப்புப் பொடிகளிலும் அம்மோனியம் பாஸ்பேட் இடம்பெறுவது இந்தத் தன்மைக்காகவே. ஆகவே சாக்கிலிருந்து சிந்திய உரம் கலந்த உமியை அடுப்பில் போட்டால் அது மந்தமாக எரிகிறதே என்று வியக்க வேண்டாம்.

சாம்பல் உருகுவது ஏன்?

தூய சிலிக்கா உருக 1,700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எந்த நெல் ஆலை உலையிலும் அந்தச் சூடு இல்லை. ஆனால் சிலிக்காவுடன் பொட்டாசியம் சேர்ந்தால் அது ஒருவகைக் கண்ணாடியாகிறது. சரியான விகிதத்தில் சேர்ந்த கலவை 750 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கிவிடும். மணலையும் காரத்தையும் சேர்த்து உருக்கிக் கண்ணாடி செய்வதும் இதே நெறியில்தான்.

உலைக்குள் 900 டிகிரி சூடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உமிச் சாம்பலில் பொட்டாசியம் குறைவாகையால் அது உருகாமல் பொடியாகவே விழும். வைக்கோல் சாம்பலில் சிலிக்காவும் உண்டு, பொட்டாசியமும் போதுமான அளவு உண்டு. அது பாகு போல இளகிச் சட்டத்தில் ஒட்டும். ஆறினால் கிட்டமாக இறுகும். இதைத் தவிர, குளோரினோடு சேர்ந்த பொட்டாசியம் ஆவியாகி மேலெழுந்து, சூடு குறைந்த குழாய்களின் மேல் உறைந்து படியும். அந்தப் படிவு வெப்பம் நீருக்குள் செல்வதைத் தடுப்பதோடு, குளோரினால் இரும்பையும் அரிக்கும்.

உழவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. உருகிக் கண்ணாடியான சாம்பலில் அடைபட்ட பொட்டாசியம் நீரில் எளிதில் கரையாது. ஆகவே கிட்டமாகிப்போன சாம்பலை வயலில் போட்டால் பயிருக்கு அந்தச் சத்து உடனே கிடைப்பதில்லை. குறைந்த சூட்டில் எரிந்த பொடிச்சாம்பலே உரமாக ஏற்றது.

கிட்டத்தைத் தடுக்கும் வழிகள்

முதல் வழி, கலப்பு. வைக்கோலைத் தனியாக எரிக்காமல் உமியோடு கலந்து எரித்தால் பொட்டாசியத்தின் அடர்த்தி குறையும். உமிக்காக அமைத்த உலையில் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வைக்கோல் சேர்க்க வேண்டாம். ஒரு வாரம் ஓட்டி, சட்டங்களையும் குழாய்களையும் பார்த்தபிறகே கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யலாம்.

இரண்டாவது வழி, களிமண் சேர்ப்பது. எந்தக் களிமண்ணும் இதற்கு ஆகாது. பீங்கான் செய்யப் பயன்படும் சீனக்களிமண் என்னும் வெள்ளைக்களிமண் வேண்டும். இதில் அலுமினா மிகுதி. சூட்டில் இது பொட்டாசியத்தைப் பற்றிக்கொண்டு, 1,500 டிகிரியிலும் உருகாத கெட்டிப்பொருளாக மாற்றிவிடும். பாகு உண்டாக வழியில்லை. குளோரின் ஆவியாகப் புகையோடு வெளியேறிவிடும்.

எவ்வளவு வேண்டும்? ஒரு கிலோ பொட்டாசியத்தை முழுமையாகப் பிடிக்கச் சுமார் 3.3 கிலோ களிமண் தேவை. ஒரு டன் வைக்கோலில் 15 கிலோ பொட்டாசியம் என்றால் 50 கிலோ களிமண் ஆகும். இது சிறிய அளவன்று. அவ்வளவு களிமண்ணும் கடைசியில் சாம்பலோடு சேர்ந்துதான் வெளியே வரும். ஆனால் ஒரு டன் எரிபொருளில் 900 கிலோ உமியும் 100 கிலோ வைக்கோலும் இருந்தால், வைக்கோலின் பங்குக்கு 5 கிலோ களிமண் போதும். கட்டியாகப் போட்டால் பயனில்லை. நைசாகப் பொடித்து எரிபொருளோடு சீராகக் கலக்கவேண்டும்.

களிமண்ணுக்குப் பதில் ஆற்றுமணலைப் போடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். கூடாது. மணல் சிலிக்கா. வைக்கோலில் சிலிக்காவுக்குக் குறைவில்லை. உருகும் பாகுக்கு மேலும் சரக்கு கொடுப்பதாகவே அது முடியும். டெல்டா வயலின் கரிய களிமண்ணிலும் காரச்சத்துகள் கலந்திருப்பதால் அது வெள்ளைக்களிமண்ணுக்கு ஈடாகாது.

மூன்றாவது, சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல் பொடியோ டோலமைட்டோ சேர்த்தால் சாம்பல் உருகும் சூடு உயரும். கிட்டம் குறையும். ஆனால் சுண்ணாம்பு சிலிக்காவைத் தான் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை விடுவித்துவிடும். விடுபட்ட பொட்டாசியம் ஆவியாகிக் குழாயில் படியும். ஆகவே கீழே தொல்லை குறைந்து மேலே கூடலாம். சுண்ணாம்பின் உண்மையான இடம் நிலக்கரி எரிப்பில்தான். நிலக்கரியிலும் பழுப்பு நிலக்கரியிலும் கந்தகம் உண்டு. மணற்படுகை மிதந்து கொதிப்பது போல் இயங்கும் புதுவகைக் கொதிகலன்களில் சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்தால், அது கந்தகத்தைப் பிடித்துச் சாம்பலோடு இறக்கிவிடும். உமியிலும் வைக்கோலிலும் கந்தகம் குறைவாகையால் நமக்கு அந்தத் தேவை இல்லை.

நான்காவது வழி செலவில்லாதது. அது மழை.

மழை செய்யும் உதவி

பொட்டாசியமும் குளோரினும் வைக்கோலில் பெரும்பாலும் நீரில் கரையும் உப்புகளாகவே உள்ளன. காய்ந்த வைக்கோல் ஒரு நல்ல மழையில் நனைந்தால் இவற்றில் பெரும்பங்கு கரைந்து இறங்கிவிடும். வைக்கோலை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கும் டென்மார்க் நாட்டில், மழைபடாத மஞ்சள் வைக்கோல் என்றும், மழையில் நனைந்து காய்ந்த சாம்பல்நிற வைக்கோல் என்றும் இரண்டாகப் பிரித்தே பேசுகிறார்கள். கொதிகலனுக்கு இரண்டாவதே நல்லது என்பது அவர்களின் பட்டறிவு.

நம்முடைய டெல்டாவில் குறுவை அறுவடையின்போது மழை குறுக்கிடுவது வழக்கம். நனைந்த வைக்கோல் நிறம் மாறி, மாட்டுக்கு உதவாமல் போய்விட்டதே என்று வருந்துகிறோம். தீவனத்துக்கு அது தாழ்ந்ததுதான். பூசணம் பிடித்திருந்தால் மாட்டுக்குக் கொடுக்கவே கூடாது. ஆனால் எரிபொருளுக்கு அதுவே மேலானது. ஆகவே பிரித்து வையுங்கள். மழை படாமல் காய்ந்த சம்பா, தாளடி வைக்கோல் மாட்டுக்கும் காளான் வளர்ப்புக்கும் போகட்டும். மழையில் நனைந்து, மீண்டும் வெயிலில் நன்றாகக் காய்ந்த குறுவை வைக்கோல் உலைக்குப் போகட்டும். சரியாகக் காயாமல் கட்டு கட்டினால் உள்ளே புழுங்கிக் கெடும்.

இதில் இன்னொரு இலாபமும் உண்டு. வைக்கோல் வயலில் பரப்பிக் கிடக்கும்போது மழை பெய்தால், கரைந்த சாம்பல்சத்து அந்த வயலிலேயே இறங்குகிறது. போரில் நனைந்தால் களத்துமேட்டில் வீணாகும்.

ஏக்கர் கணக்கு

இந்தச் சத்தின் மதிப்பை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் 2 டன் நெல் விளைந்தால் ஏறக்குறைய 2 டன் வைக்கோலும் கிடைக்கும். அதில் பொட்டாசியம் 30 கிலோ. உரக்கணக்கில் பொட்டாஷாகச் சொன்னால் 36 கிலோ. இது 60 கிலோ மியூரியேட் ஆப் பொட்டாஷுக்குச் சமம். மண் பரிசோதனை செய்யாத நிலையில் நெல்லுக்கு எக்டருக்கு 50 கிலோ, அதாவது ஏக்கருக்கு 20 கிலோ பொட்டாஷ் என்பது பொதுப் பரிந்துரை. நாம் இடுவது 20, வைக்கோலோடு வண்டியேறுவது 36! ஆண்டுதோறும் வைக்கோல் முழுவதையும் விற்றுவிட்டு, சாம்பலையும் திரும்பக் கொண்டுவராமல் இருந்தால் வயலின் கையிருப்பு கரைந்துகொண்டே போகும். கட்டு விலை பேசும்போது இந்த 60 கிலோ உரத்தின் விலையையும் மனத்தில் வைத்துப் பேசுங்கள்.

விற்கவும் மனமின்றி, உழவுக்கு இடைஞ்சல் என்று வயலிலேயே கொளுத்திவிடுவது இன்னும் தவறு. அப்படிக் கொளுத்தினால் வைக்கோலிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போய்விடும். மணிச்சத்தில் சுமார் 25 சதமும், சாம்பல்சத்தில் சுமார் 20 சதமும் இழப்பாகும். எஞ்சிய சத்தும் எந்திரம் தள்ளிய வரிசைகளிலேயே குவிந்து கிடக்கும். அடுத்த பயிர் திட்டுத்திட்டாக விளைவதற்கு அது ஒரு காரணம். புகையின் கேட்டைச் சொல்லவே வேண்டியதில்லை.

கருஞ்சாம்பலும் வெண்சாம்பலும்

இனி உமிக்கு வருவோம். சில ஆலைகளில் உமிச் சாம்பல் கறுப்பாக வருகிறது. சில இடங்களில் சாம்பல்நிறமாக, வெண்மையாக வருகிறது. கறுப்பு என்றால் எரியாத கரி மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அதாவது உங்கள் எரிபொருளில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறுகிறது.

காற்றுக் குறைவு ஒரு காரணம். மற்றொரு காரணம் சூடு திடீரென மிகுந்துவிடுவது. உமியில் இருக்கும் சிறிதளவு பொட்டாசியம், கரி எரிந்து முடிவதற்குள் சிலிக்காவின் மேற்பரப்பை இளக்கிவிட்டால், உள்ளே இருக்கும் கரி கண்ணாடிச் சிமிழுக்குள் அடைபட்டதுபோல் ஆகிவிடும். பிறகு எவ்வளவு காற்று ஊதினாலும் அது எரியாது. ஆய்வுக்கூடத்தில் உமியை நீர்த்த அமிலத்தில் கழுவிப் பொட்டாசியத்தை நீக்கிவிட்டு எரித்தால் பால்போன்ற வெண்சாம்பல் கிடைப்பது இதை மெய்ப்பிக்கிறது. ஆலையில் அமிலம் கொண்டு கழுவுவது கட்டாது. ஆனால் சூட்டைச் சீராக்கலாம். உமியைக் குவியலாகக் கொட்டாமல் சிறிது சிறிதாக, இடைவிடாமல் விழச்செய்யுங்கள். காற்று அடியிலிருந்தும் மேலிருந்தும் போதுமான அளவு செல்லட்டும்.

சூட்டின் அளவு சாம்பலின் விலையையும் தீர்மானிக்கிறது. 700 டிகிரிக்குள் எரிந்த சாம்பலில் சிலிக்கா படிகமாகாமல் உயிர்ப்புடன் இருக்கும். அத்தகைய சாம்பலை நன்றாக அரைத்துச் சுண்ணாம்புடன் சேர்த்தால் சிமெண்டு போல இறுகும். 1970களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. கே. மேத்தா உமிச் சாம்பல் சிமெண்டைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். இன்று சிமெண்டுக் கலவைகளிலும் உருக்காலைகளிலும் உமிச் சாம்பலுக்குத் தேவை உண்டு. 800 டிகிரிக்கு மேல் நெடுநேரம் எரிந்தால் சிலிக்கா படிகமாகத் தொடங்கும். பொட்டாசியம் இருந்தால் இது இன்னும் குறைந்த சூட்டிலேயே நிகழும். படிகச் சாம்பல் சிமெண்டுக்கு ஆகாது.

படிகச் சிலிக்காத் தூசு மூச்சோடு நெஞ்சுக்குள் சென்றால் நுரையீரலைக் கெடுக்கும். புற்றுநோய்க்கும் காரணமாகும் என்று உலக அளவில் ஏற்கப்பட்டுள்ளது. ஆகவே சாம்பல் அள்ளும் தொழிலாளர்கள் தூசு தடுக்கும் முகக்கவசம் அணியவேண்டும். சாம்பலை நீர் தெளித்து ஈரமாக்கியபின் அள்ளவேண்டும். திறந்த வண்டியில் கொண்டுபோகக்கூடாது. வெறும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது நுண்தூசைத் தடுக்காது.

நெல் அவித்தல், உலர்த்துதல், உமியைப் பயன்படுத்துதல் ஆகியவற்றை ஆராய்வதற்கென்றே திருவாரூரில் 1972இல் நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் தஞ்சாவூருக்கு மாற்றப்பட்ட அந்நிலையம், இன்று தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனமாக வளர்ந்துள்ளது. ஆலை நடத்துவோர் அங்கு சென்று கலந்தாலோசிக்கலாம்.

உமிக்கரி செய்யும் முறை

காற்றைக் குறைத்து உமியைச் சிதையவிட்டு, கரி எரியும் முன்பே நிறுத்தினால் உமிக்கரி கிடைக்கும். நாற்றங்கால் மண்ணை இலேசாக்கவும் ஈரத்தைப் பிடித்துவைக்கவும் இது உதவும். மண்ணில் நெடுங்காலம் மட்காமல் நிற்கும்.

பழைய தகர டப்பா ஒன்றின் பக்கங்களில் ஆணியால் நிறையத் துளையிடுங்கள். அதன் மேல் ஓர் ஆள் உயரத்துக்குப் புகைக்குழாயைப் பொருத்துங்கள். டப்பாவுக்குள் சுள்ளியைப் பற்றவைத்து, சுற்றிலும் காய்ந்த உமியைக் கூம்பாகக் குவியுங்கள். உள்ளிருந்து வெளியே உமி கறுத்துக்கொண்டு வரும். மேற்புறம் கருமை தெரியும் இடத்தில் மண்வெட்டியால் கிளறிக் கறுக்காத உமியால் மூடிக்கொண்டே வாருங்கள். முழுவதும் கறுத்தவுடன் பரப்பி, நீர் தெளித்து நன்றாக அணையுங்கள். தாமதித்தால் எல்லாம் சாம்பலாகிவிடும். அணைந்ததுபோல் தோன்றும் கரிக்குவியல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் வரை வீட்டுக்கும் வைக்கோல்போருக்கும் அருகில் வைக்காதீர்கள்.

இதிலும் தாதுஉப்புக்கு இடம் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒருவகைப் புல்லில் பொட்டாசியம் உப்பைச் சிறிதளவு சேர்த்துக் கரியாக்கியபோது, நிலைத்து நிற்கும் கரியின் அளவு 45 சதம் வரை கூடியது. சாம்பல்சத்து தாரைக் குறைத்துக் கரியைக் கூட்டும் என்று முன்னே பார்த்தோம் அல்லவா? அதே நெறிதான். சேர்த்த பொட்டாசியமும் கரியோடு வயலுக்கே திரும்புகிறது. தெளிந்த விறகுச் சாம்பல் நீரை உமியில் தெளித்து, நன்றாகக் காயவைத்து, ஒரு சிறு குவியலில் மட்டும் செய்து பாருங்கள். தெளிக்காத குவியலோடு எடை போட்டு ஒப்பிட்டபின் உங்கள் முடிவைச் செய்துகொள்ளலாம்.

சேர்க்கக்கூடாதவை

எரிபொருளில் எதைச் சேர்த்தாலும் நன்றாக எரியும் என்று எண்ணிவிடக்கூடாது.

1. சமையல் உப்பையும் மியூரியேட் ஆப் பொட்டாஷையும் உலையில் போடக்கூடாது. இரண்டும் குளோரைடுகள். குழாயை அரிக்கும்.

2. உரச்சாக்கு, பிளாஸ்டிக் கயிறு, வயலில் கிடக்கும் குழாய்த்துண்டு ஆகியவை வைக்கோல் கட்டோடு வந்துவிடும். பொறுக்கி எடுத்துவிடுங்கள். பி.வி.சி. குழாயில் குளோரின் மிகுதி. அதன் புகை நஞ்சு.

3. பூச்சிமருந்துக் கலங்களையும், வண்ணமும் மருந்தும் பூசிய மரத்தையும் எரிக்கக்கூடாது. அந்தச் சாம்பலை வயலில் இடவும் கூடாது.

4. மண் ஒட்டிய வைக்கோல் கொதிகலனுக்கு ஆகாது. கட்டு கட்டும் எந்திரம் மண்ணையும் சேர்த்து வாராதபடி உயர்த்தி ஓட்டச் சொல்லுங்கள்.

நினைவில் கொள்ளவேண்டியவை

எரிபொருள் முதலில் சிதைகிறது, பிறகுதான் எரிகிறது. அந்தச் சிதைவைச் சாம்பல்சத்து முன்கூட்டியே தூண்டி, தாரைக் குறைத்துக் கரியைக் கூட்டுகிறது. மிகுந்த சூட்டில் அதே சாம்பல்சத்து சிலிக்காவோடு சேர்ந்து உருகிக் கிட்டமாகிறது. வெள்ளைக்களிமண் அதைக் கட்டிப்போடும். மழை அதைக் கழுவிவிடும். சீரான சூடு உமிச் சாம்பலுக்கு விலை தேடித்தரும்.

மாட்டுக்கும் காளானுக்கும் ஒதுக்கியதுபோக, வைக்கோலில் ஒரு பகுதியையாவது வயலிலேயே மடக்கி உழுதுவிடுங்கள். மீதியை விற்பதாயின், முடிந்தால் ஒரு மழை அதன்மேல் பெய்து, காய்ந்தபின் கட்டி விற்றுவிடுங்கள். ஆலைக்காரருக்குக் கிட்டம் இல்லாத எரிபொருள் கிடைக்கும். உங்கள் சாம்பல்சத்தும் உங்கள் வயலிலேயே தங்கும். மழை கிட்டாத சம்பாப் பருவத்தில், வைக்கோல் எரிக்கும் ஆலையோடு பேசி, பொடிச்சாம்பலைத் திரும்பப் பெற்று ஈரமாக்கிக் கொண்டுவந்து வயலில் பரப்புங்கள். நம் மண்ணிலிருந்து போனது நம் மண்ணுக்கே திரும்பட்டும்.